அத்தியாயம் 4: ‘இல்லை’ நோட்டு

செவ்வாய்க்கிழமை காரிமங்கலத்தில் வாரச்சந்தை. விடிவதற்கு முன்பே ஊர் எழுந்துவிடும். ஆடு, மாடு, நாட்டுக்கோழி, குவியல் குவியலாகத் தேங்காய் என்று சுற்றுவட்டாரமே அன்று இங்கே வந்து சேரும். மாடு விற்கிற பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசி முடித்ததும், விற்றவர் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தன்னோடு எடுத்துக்கொள்வார். மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிற்றோடு தொழுவத்து அதிர்ஷ்டமும் போய்விடும் என்பது பழைய நம்பிக்கை. புதுக்கயிறு வாங்கி வர வேண்டியது மாடு வாங்குகிறவர் பொறுப்பு. மறந்து வந்தவருக்கு அந்த நிமிஷமே ஒரு கயிறு வேண்டும். மாடு நின்றுகொண்டிருக்கிறது, வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். நாலு நாளில் வீடு தேடி வரும் கயிறு அவருக்கு எதற்கு?

சந்தை ஓரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பவரோடு எந்த ஆன்லைன் கம்பெனியும் மோத முடியாது. அவர் பொருள் மலிவு என்பதற்காக யாரும் அவரிடம் வாங்குவதில்லை. தேவை வந்த இடத்தில், வந்த நேரத்தில் அவர் இருக்கிறார். உங்கள் கடையில் அந்தக் கயிறு எது? இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கப்போகிறது. பதிலை உங்கள் வாடிக்கையாளர்களே தினமும் கல்லா முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாம் அதை எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

காரிமங்கலம் கடைக்காரருக்குப் போட்டி புதிது கிடையாது. நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் தர்மபுரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி, இரண்டுமே மாவட்டத் தலைநகரங்கள். மேற்கே போனால் பாலக்கோடு. கல்யாணத் துணி, நகை, பெரிய பீரோ, ஃபிரிட்ஜ் என்றால் தலைமுறை தலைமுறையாக நம் ஊர்க்காரர்கள் பஸ் ஏறிப் போய்த்தான் வாங்கியிருக்கிறார்கள். அப்போதும் இங்கே கடைகள் நடந்தன, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. பஸ் ஏறிப் போக நேரமில்லாத வாங்கல், போகும் அளவுக்குப் பெரிதாக இல்லாத வாங்கல், தெரிந்தவரிடம் கேட்டு வாங்க வேண்டிய வாங்கல் எல்லாம் இங்கேயே நடந்தன. இப்போது என்ன ஆயிற்றென்றால், அந்த பஸ் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது. டிக்கெட்டும் கிடையாது.

2007இல் ஃபிளிப்கார்ட் தொடங்கியபோது புத்தகம்தான் விற்றது. கார்டு வைத்திருந்த நகரத்துக்காரர்கள் வாங்கினார்கள். 2010இல், பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுத்தால் போதும் என்ற முறையைக் கொண்டுவந்த பிறகுதான் கார்டே இல்லாத வீடுகளுக்கும் அது நுழைந்தது. 2013இல் அமேசான் இந்தியாவில் கடை விரித்தது. 2016இல் யூபிஐ வந்தது. இன்று ஊரில் இருக்கும் அரசு மகளிர் கல்லூரி மாணவி ஒருத்தி, பஸ்ஸுக்கு நிற்கிற பத்து நிமிஷத்தில் மீஷோவில் சுடிதார் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் வயதில் நமக்கும் அது கையில் இருந்திருந்தால் நாமும் போட்டிருப்போம்.

விலையே கேட்காமல் போன வாடிக்கையாளர்

ஆன்லைனில் விலை குறைவு, அதனால்தான் நம் கடைக்கு ஆள் வருவதில்லை என்று எல்லாரும் சொல்கிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன வருஷம் என் வீட்டு மிக்ஸி ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர் தேய்ந்துபோனது. சில பத்து ரூபாய் சமாச்சாரம். ஜாரையே பையில் போட்டுக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் “இல்லைங்க” என்றார்.

“எப்ப வரும்?”

“தெரியாதுங்க.”

“வேற யார்கிட்டயாவது கிடைக்குங்களா?”

“பாருங்க.”

அவர் கடை வாசலிலேயே நின்று போனை எடுத்து ஆர்டர் போட்டேன். ஐந்து நாள் கழித்து வந்தது, வேறு அளவு. திருப்பி அனுப்பி இன்னொன்று வரவழைப்பதற்குள் இரண்டு வாரம் வீட்டில் சட்னிக்கு அம்மிதான். அந்தக் கடைக்காரர் என்னை இழந்தது விலையால் நடக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நான் விலையே கேட்கவில்லை. “உள்ள வாங்க, ஜாரைக் குடுங்க, நாளைக்குக் காலைல தர்மபுரியில இருந்து வரவழைச்சுத் தர்றேன்” என்று சொல்லியிருந்தால் இரண்டு மடங்கு விலை கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். இன்னொன்றையும் கவனியுங்கள். கப்ளருக்காக நான் திறந்த செயலியில் பக்கத்திலேயே புது மிக்ஸி, குக்கர், மின்விசிறி எல்லாம் வரிசையாக நின்றன. ஒரு கப்ளர் இல்லாததால் ஒரு வீட்டின் அடுத்த பத்து வருஷத்து வாங்கலுக்கும் கதவைத் திறந்துவிட்டது அந்தக் கடை.

வாடிக்கையாளரை நாம்தான் போனிடம் அனுப்புகிறோம். அனுப்புகிற சொல் ‘இல்லை’. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் நான் சொல்லும் முதல் வேலை ஒரு நோட்டு வாங்குவது.

சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். அட்டையில் ‘இல்லை’ என்று எழுதுங்கள். யார் வந்து எதைக் கேட்டு, நீங்கள் இல்லை என்று சொன்னாலும் அதில் ஒரு வரி ஏற வேண்டும். தேதி, கேட்ட பொருள், எந்த ஊர்க்காரர், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள். பொருளின் பெயரை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். “மோட்டார் பெட்டிக்குள்ள இருக்கிற வட்டமான காயில்” என்று கேட்டிருந்தால் அப்படியே. திருத்தி கம்பெனிப் பெயரில் எழுதினால் அடுத்த முறை அதே பொருளை வேறொருவர் அதே சொல்லில் கேட்கும்போது உங்கள் பையனுக்குப் புரியாது. நீங்கள் இல்லாத நேரத்தில் கடையில் நிற்கும் பையனோ, மனைவியோ, தம்பியோ கட்டாயம் எழுத வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு வந்து திரும்பிப் போனவர்தான் பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே போனவர்.

நான்கு செவ்வாய்க்கிழமைகள் எழுதுங்கள். அதற்கு முன் எதையும் முடிவு செய்யாதீர்கள். சந்தை நாளில் கேட்கப்படும் பொருளும் மற்ற நாளில் கேட்கப்படும் பொருளும் வேறு வேறு என்பது இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவிடும். செவ்வாய் அன்று வருபவர் கையில் ஆடு விற்ற பணமோ தேங்காய் விற்ற பணமோ இருக்கும், மாலைக்குள் ஊர் திரும்பியாக வேண்டும். அவரிடம் சொல்லும் ஒரு ‘இல்லை’ ஒரு வாரத்துக்கான ‘இல்லை’.

மாத முடிவில் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். மூன்று முறைக்கு மேல் கேட்கப்பட்டதை வாங்கி வையுங்கள், யோசிக்க வேண்டாம். ஒன்றிரண்டு முறை மட்டும் கேட்கப்பட்டதைக் கடையில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கே கிடைக்கும், எவ்வளவு நேரத்தில் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தர்மபுரி மொத்தக் கடைக்காரருக்கு மாலை ஆறு மணிக்கு ஒரு போன், மறுநாள் காலை பஸ்ஸில் பார்சல், பத்து மணிக்கு வாடிக்கையாளருக்கு “வந்திருச்சுங்க, வாங்கிக்கங்க” என்று ஒரு போன். ஆன்லைனில் நான்கு நாள் ஆவது உங்களிடம் ஒரு ராத்திரியில் முடிகிறது. கடைசியாக, உங்கள் கடைக்குச் சம்பந்தமே இல்லாததைக் கேட்டவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் வெறும் ‘இல்லை’ சொல்லாதீர்கள். எந்தத் தெருவில், எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லி அனுப்புங்கள். அந்தக் கடைக்காரர் உங்களுக்குப் போட்டியாளராகவே இருந்தாலும் சரி. வாடிக்கையாளரின் பணம் ஊருக்குள் இருந்தால் ஒரு நாள் உங்கள் கல்லாவுக்கும் வரும், பெங்களூர்க் கிடங்குக்குப் போனால் வராது.

பெயர் தெரியாத பொருள்

ஒரு பம்ப் செட் சாமான் கடையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தால் இந்தத் தொழிலின் பலம் எங்கே இருக்கிறது என்று புரியும். காரிமங்கலம் வட்டாரம் போர்வெல்லை நம்பி வாழும் வறண்ட பூமி. தக்காளிக்கோ தென்னைக்கோ தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது ஸ்டார்ட்டர் நின்றுவிட்டால் அந்த விவசாயிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கருகிய காயிலை லுங்கி மடிப்பில் சுருட்டிக்கொண்டு டூவீலரில் வந்து நிற்பார். அதன் பெயர் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கல்லாப் பலகையில் வைத்து, “இதாங்க” என்பார்.

கடைக்காரர் அதை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். எழுத்தெல்லாம் எரிந்துபோயிருக்கும். “எத்தனை எச்பி மோட்டாருங்க? எத்தனை அடி இறக்கியிருக்கீங்க?” என்று இரண்டு கேள்வி. உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்து பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார். பிறகு மூன்றாவது கேள்வி வரும்: “போன மாசமும் இதே எரிஞ்சுதுங்களா?” ஆமாம் என்றால், “அப்ப காயில்ல குத்தமில்லைங்க. கான்டாக்ட் பாயிண்ட் தேஞ்சிருக்கும், அதையும் பாத்துருங்க, இல்லன்னா இதுவும் எரியும்.”

ஆன்லைனில் ஒரு பொருளைத் தேட முதலில் அதன் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரிந்தால் மாடல் தெரிய வேண்டும், மாடல் தெரிந்தால் அளவு தெரிய வேண்டும். நம் கடையில் எதுவும் தெரிய வேண்டாம், கையில் கொண்டு வந்தால் போதும். சொட்டுநீர்க் குழாயின் கிராமெட், எண்ட் கேப், குக்கர் கேஸ்கெட், தையல் மிஷின் பாபின், கேஸ் அடுப்பு பர்னர், மிக்ஸி கப்ளர், செருப்பு வார் என்று எல்லா வகைக் கடையிலும் இப்படிப் பெயரில்லாத பொருள்கள் உண்டு. லாப விகிதமும் பொதுவாக இவற்றில்தான் அதிகம். இருபது அடி பிவிசி பைப்பையும் சிமென்ட் மூட்டையையும் கூரியரில் அனுப்பிக் கட்டுப்படியாகாது என்பது வேறு.

இந்தப் பலத்தை வளர்க்க ஒரு சின்ன ஏற்பாடு செய்யுங்கள். ஒரு பலகையில் உங்களிடம் உள்ள சிறு உதிரிகள் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, கீழே எண் எழுதுங்கள். வாடிக்கையாளர் தன் கையில் இருப்பதைப் பலகையில் பொருத்திப் பார்த்து எண்ணைச் சொல்வார். கடைக்குப் புதிதாகச் சேர்ந்த பையனும் முதல் நாளே சரியான பொருளை எடுத்துக் கொடுப்பான்.

எதைக் கைவிடுவது

இனி கொஞ்சம் கசப்பான பேச்சு. விலை அச்சிட்ட, பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டிச் சரக்கில் நீங்கள் ஆன்லைனோடு விலையில் மோதினால் தோற்பீர்கள். அவர்கள் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், தள்ளுபடி நாட்களில் நீங்கள் வாங்கும் விலைக்கும் கீழே விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துக் கோபப்பட்டு அதே விலைக்கு விற்கப்போய், முதலைத் தின்றுவிட்டுக் கடையை மூடியவர்கள் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இஸ்திரிப்பெட்டியை 1,425 ரூபாய்க்கு வாங்கி 1,500க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது அலமாரியில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்து விற்கிறது. எட்டு மாதத்தில் லாபம் 75 ரூபாய். ஏறத்தாழ அதே பணத்தில், 90 ரூபாய்க்கு வாங்கி 120க்கு விற்கும் உதிரிகள் 16 வாங்கலாம். முதல் 1,440. அவை இரண்டு மாதத்தில் விற்றுத் தீர்ந்தால் லாபம் 480. எட்டு மாதத்தில் நான்கு சுற்று, 1,920 ரூபாய். நம் கடைகளில் கண்ணாடி அலமாரி முழுக்க இஸ்திரிப்பெட்டியும், மூலையில் ஒரு டப்பாவில் உதிரிகளும் இருக்கின்றன. பார்வைக்கு அழகாக இருக்கிறது, கல்லாவுக்கு ஆகவில்லை.

பெட்டிச் சரக்கை முழுவதும் விட்டுவிடச் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் ஒன்று வையுங்கள், அவசரத்துக்கு வாங்குகிறவர் இருக்கிறார். ஆனால் அதை விற்கும்போது விலையோடு வேறு ஏதாவது சேர்ந்து போக வேண்டும். மின்விசிறி விற்றால் மாட்டிக் கொடுக்க எலக்ட்ரீஷியன், போன் விற்றால் பழைய போனில் உள்ள நம்பரும் போட்டோவும் புதியதற்கு மாற்றிக் கொடுப்பது, கண்ணாடி ஒட்டிக் கொடுப்பது, வாரன்டி என்றால் நீங்களே கம்பெனியிடம் பேசி வாங்கிக் கொடுப்பது. வயதான ஓர் அம்மாவுக்கு, பேரன் சென்னையிலிருந்து ஆன்லைனில் அனுப்பிய போனை எப்படி ஆன் செய்வது என்று தெரியவில்லை. அதைக் கொண்டு உங்கள் கடைக்கு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். செய்து கொடுத்து, நியாயமான ஒரு கூலியை வாங்குங்கள். கூலி வாங்கக் கூச்சப்படுவதும் நம் பக்கத்துக் கடைக்காரர்களின் பழக்கம், அதை விட்டொழிக்க வேண்டும்.

ஜப்பானில் தோக்கியோவை ஒட்டிய மச்சிதா என்ற ஊரில் யாமகுச்சி என்று ஒரு மின்சாதனக் கடை உண்டு. 1965இல் தொடங்கிய சிறிய கடை. 1990களின் நடுவில் அந்த ஊருக்குள் பெரிய பெரிய தள்ளுபடிக் கடைகள் அடுத்தடுத்து வந்து இறங்கின. எல்லாரும் விலையைக் குறைத்தபோது யாமகுச்சிக்காரர் விலையைக் கூட்டினார். நீண்ட வாடிக்கையாளர் பட்டியலை வெட்டி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக்கினார். மீதியிருந்தவர்களுக்கு, பெரும்பாலும் முதியவர்களுக்கு, கூப்பிட்ட குரலுக்கு ஆள் அனுப்பினார். டிவி ரிமோட்டைச் சரிசெய்வது முதல், வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது வரை அவர் ஆட்கள் செய்தார்கள். பெரிய கடையைவிட அதிக விலை கொடுத்து அவரிடமே மக்கள் டிவி வாங்கினார்கள். இதை நான் அப்படியே காரிமங்கலத்தில் செய்யச் சொல்லவில்லை. இங்கே விலையைக் கூட்டினால் ஊர் பேசும். யாருக்குக் கடை நடத்துகிறோம் என்று அவர் உட்கார்ந்து முடிவெடுத்தாரே, அதைச் செய்யலாம்.

மளிகையும் துணியும்

மளிகைக் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சில்லறையாக அளந்து கொடுக்கும் வேலை சிரமம் என்று மெல்ல மெல்ல எல்லாவற்றையும் கம்பெனிப் பாக்கெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பாக்கெட்டில் விலை அச்சிட்டிருக்கிறது, ஆன்லைனிலும் அதே பாக்கெட், பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு விநாடி போதும். நூறு கிராம் புளி, இருபது ரூபாய்க்கு மிளகாய், அரைப்படி ராகி என்று அளந்து கொடுப்பதை யார் எதோடு ஒப்பிடுவார்? கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு அன்றன்றைக்கு வாங்கும் வசதிதான் பெரிய வசதி. தர்மபுரி மாவட்டம் ராகியும் சாமையும் விளையும் பூமி. நல்ல ராகியை வாங்கிக் கழுவிக் காயவைத்து வாரம் இருமுறை அரைத்து வைக்கும் கடைக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்து திரும்பும்போது ஐந்து கிலோ கட்டிக்கொண்டு போவார்கள்.

உங்கள் பெயரில் பொட்டலம் போட்டு விற்பதென்றால் முறையாகச் செய்யுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண், எடை, விலை, பொட்டலமிட்ட தேதி, உங்கள் முகவரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட்டாக வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம் என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். அந்த ஒரு ரூபாயை வாடிக்கையாளர் மறக்கவே மாட்டார், செயலியில் அச்சிட்ட விலைக்குக் கீழேதான் வாங்குகிறோம் என்று நினைவு வைத்துக்கொள்வார்.

துணிக்கடைக்கு இது சிரமமான காலம். ரெடிமேட் சுடிதாரில் செயலிகளின் விலைக்குக் கீழே போக முடியாது. புடவைக்கு ஏற்ற ஜாக்கெட் துணியைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுப்பது, ஃபால்ஸ் அடிப்பது, அளவு மாற்றித் தைப்பது இவையெல்லாம் உங்கள் கையில் இருக்கின்றன. கடை வாசலில் ஒரு தையல்காரருக்கு இடம் கொடுங்கள், வாடகை கேட்காதீர்கள். ஆன்லைனில் வாங்கிய சுடிதார் லூசாக இருக்கிறது என்று அதைப் பிடிக்கக் கொடுக்க வரும் பெண்கள் உங்கள் கடைக்குள் நடந்துதான் அவரிடம் போவார்கள். பள்ளிச் சீருடை, கோயில் திருவிழாவுக்கு ஒரே நிறத்தில் ஐம்பது வேட்டி, கல்லூரி விழாவுக்கு ஒரே மாதிரி புடவை என்று கூட்டமாக வாங்குகிறவர்களும் கண்ணால் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

போனை நம் பக்கம் திருப்புவது

போனைப் பகையாக நினைக்காதீர்கள். கூகுள் மேப்பில் உங்கள் கடையைப் பதிவு செய்யக் காசு கிடையாது. கடைப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். திறக்கும் நேரம், போன் நம்பர், வாசலின் படம், உள்ளே அலமாரியின் படம் எல்லாம் ஏற்றுங்கள். செவ்வாய்க்கிழமை முன்னதாகத் திறப்பீர்கள் என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம். அதில் பலரும் செய்யும் தவறு, எல்லா நம்பர்களையும் ஒரு பட்டியலில் சேர்த்து தினமும் ‘காலை வணக்கம்’ அனுப்புவது. முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பட்டியல் செய்தி போய்ச் சேரும். ஆகவே பில் போடும்போதே, “நம்ம நம்பரை ஏத்திக்கங்க, எது வேணும்னாலும் போட்டோ எடுத்து அனுப்புங்க, இருக்குதான்னு சொல்லிடறேன்” என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். பிறகு வாரம் ஒரு செய்தி போதும். திங்கள் மாலை, மறுநாள் சந்தைக்கு வருகிறவர்களுக்காக, புதிதாக வந்த சரக்கின் இரண்டு படம், விலையோடு. விலை போடாமல் ‘தொடர்பு கொள்ளவும்’ என்று எழுதினால் யாரும் தொடர்பு கொள்ள மாட்டார்கள்.

உடைந்த பாகத்தின் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்வது கிராமங்களில் உள்ளவர்களுக்குப் பெரிய உதவி. பத்துக் கிலோமீட்டர் வந்து ‘இல்லை’ என்ற சொல்லை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம். இருக்கிறது என்றால் வருவார்கள், அல்லது பால் வண்டியிலோ டவுன் பஸ்ஸிலோ கொடுத்து அனுப்பச் சொல்வார்கள். யூபிஐயில் பணம் வந்துவிடும். வங்கிக் கணக்கிலிருந்து வாடிக்கையாளர் நேராகச் செலுத்தும் யூபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. சத்தமாகத் தொகையைச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை கேட்பார்கள், அது உங்களுக்கு வேண்டுமா என்று கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒரே கடையாக ஒரு டெலிவரிப் பையனை வைப்பது கட்டுப்படியாகாது. மளிகை, மருந்து, ஹார்டுவேர், ஸ்டேஷனரி என்று நான்கு கடைகள் சேர்ந்து ஒருவரை வைத்தால் கட்டுப்படியாகும். தென் மாவட்டங்களில் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை போட்டுப் பள்ளிக்கூடமே கட்டினார்கள். விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை அப்படி எழுந்ததுதான். நான்கு கடைக்காரர்கள் ஒரு டூவீலருக்குப் பெட்ரோல் போட முடியாதா?

ஆன்லைன் கம்பெனிகளின் தள்ளுபடி பற்றி, சட்டம் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு முதலீடு உள்ள சந்தைத் தளங்கள் தாங்களே சரக்கு வைத்து விற்கக்கூடாது என்பது விதி. தங்களுக்குப் பங்கு உள்ள நிறுவனங்களின் சரக்கையும் அந்தத் தளத்தில் விற்கக்கூடாது என்று 2019 பிப்ரவரி 1 முதல் அந்த விதி இறுக்கப்பட்டது. மே 5 வணிகர் தினத்தில் சங்கங்கள் இவற்றை எழுப்ப வேண்டும், எழுப்பவும் செய்கின்றன. சங்கத்துக்குச் சந்தா கட்டுங்கள், கூட்டத்துக்குப் போங்கள். நாளைக் காலை கடை திறக்கும்போது மட்டும் இவற்றுக்குத் தீர்வு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அரசே தூண்டித் தொடங்கிய ஓஎன்டிசி என்ற திறந்த வலையமைப்பு 2022 ஏப்ரலில் கோயம்புத்தூர் உட்பட ஐந்து நகரங்களில் சோதனையாக ஆரம்பித்தது. எந்தச் செயலியில் பதிவு செய்த கடையும் எந்தச் செயலியில் தேடுகிறவருக்கும் தெரியும் என்பது அதன் அமைப்பு. ஜிஎஸ்டியில் இணக்க முறையில் இருக்கும் சிறு வணிகர்களும், பதிவு தேவைப்படாத அளவுக்குச் சிறியவர்களும் மாநிலத்துக்குள் இப்படிப்பட்ட தளங்கள் வழியாகப் பொருள் விற்க 2023 அக்டோபர் 1 முதல் அனுமதி உண்டு. தனித்த சரக்கு, உதாரணமாக நீங்களே அரைக்கும் ராகி மாவோ செக்கு எண்ணெயோ உங்களிடம் இருந்தால் முயன்று பாருங்கள். எல்லாருக்கும் உள்ள சோப்பையும் பிஸ்கட்டையும் அதில் ஏற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புதன்கிழமை

சந்தை முடிந்த மறுநாள் ஊர் கொஞ்சம் அசந்து கிடக்கும். மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை கடையில் ஆள் குறைவு. அந்த ஒரு மணி நேரத்தை ‘இல்லை’ நோட்டுக்கு ஒதுக்குங்கள். வரி வரியாகப் படியுங்கள். வரவழைத்துத் தருவதாகச் சொன்னவர்களில் யாருக்குச் சரக்கு வந்துவிட்டது, யாருக்கு இன்னும் வரவில்லை என்று பாருங்கள். வராதவருக்கும் போன் செய்யுங்கள்: “இன்னும் வரலைங்க, வெள்ளிக்கிழமை ஆயிரும்.” அதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். முடித்த வரியை அடியுங்கள். கிழிக்க வேண்டாம், அடுத்த ஆடிப்பட்டத்திலும் மாட்டுப் பொங்கலுக்கு முந்தின வாரத்திலும் என்ன கேட்டார்கள் என்று பார்க்கப் பழைய பக்கங்கள் வேண்டியிருக்கும்.

நோட்டைத் தராசுக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள், மேசை டிராயருக்குள் போட்டால் யாரும் எழுத மாட்டார்கள். பேனாவையும் அதோடு ஒரு நூலில் கட்டிவிடுங்கள். சந்தை நாள் கூட்டத்தில் முதலில் காணாமல் போவது பேனாதான்.